பெயர் சொல்லி அழுங்கள்



நவம்பர் மாதம், இறந்தோரை நினைவுகூருமாறு திருச்சபை எமக்குத் தந்திருக்கும் மாதமாகும். 2 ஆம் திகதி, மரித்த விசுவாசிகள் அனைவரினதும் நினைவு நாளன்று, எமது சேமக்காலைகள் மெழுகுதிரி வெளிச்சத்தால் நிறைந்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளையடித்த கல்லறைகளைச் சுற்றிக் குடும்பங்கள் நின்று செபமாலை சொல்லும். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகச் சென்று தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

எல்லோரும் போன பின்னர் வருபவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய கரையோரப் பங்கொன்றில், மந்திரிப்பு முடிந்து படலையைச் சாத்தும் வேளையில் ஒரு தாய் தனியாக வந்தார். சேலைத் தலைப்புக்குள் ஒரு மெழுகுதிரியை மறைத்து வைத்திருந்தார். மதிலோரத்தில் இருந்த ஒரு மண் கல்லறையின் முன் அதனை ஏற்றிவிட்டு, நான் நிற்பதைக் கண்டதும், ஏதோ தவறு செய்தவர்போல எழுந்து நின்றார்.

அந்தக் கல்லறையில் துயில்பவன் அவருடைய மகன். வயது 26. தூள் என்று எமது மக்கள் அழைக்கும் ஹெரோயினுக்கு அடிமையாகி இறந்தவன். அவனை அடக்கம் செய்தவன் நானே. அடக்கத் திருப்பலியில் ஆலயம் இளைஞர்களால் நிறைந்திருந்தது. இதைவிடப் பொருத்தமான வேளை வாய்க்காது என்று எண்ணி, போதைப்பொருளின் கேட்டைப் பற்றி ஏறத்தாழ 20 நிமிடங்கள் பிரசங்கித்தேன். குடும்பங்கள் சீரழிவதைச் சொன்னேன். இளமை வீணாவதைச் சொன்னேன். பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டியதையும் சொன்னேன். பூசை முடிந்ததும் பலர் வந்து, "நல்ல பிரசங்கம் சுவாமி" என்று பாராட்டினார்கள். நானும் மனநிறைவோடுதான் வீடு திரும்பினேன்.

ஏழு மாதங்களின் பின்னர், அந்த மாலை இருளில், அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "சுவாமி, அண்டைக்கு நீங்கள் தூளைப் பற்றி எல்லாம் சொன்னீங்கள். என்ரை பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே. அவன்ரை பேரைக்கூடச் சொல்லேல்லை."

அவரது குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் படித்த இறையியலில் அதற்கு மறுமொழி இருந்தது. ஆனால் அந்த வேளையில் என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. அவருடைய அனுமதியோடு இன்று இதனை உங்களுக்கு எழுதுகின்றேன்.

மறைக்கப்பட்ட துக்கம்

அன்பானவர்களே, மரணம் எவ்வடிவில் வந்தாலும் கொடியதே. எனினும் புற்றுநோயால் இறந்தவரின் வீட்டில் அயலவர் திண்ணை நிறைய வந்திருந்து, அவர் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். குடியாலோ போதையாலோ இறந்தவரின் வீட்டில் கதை தாழ்ந்த குரலிலேயே நடக்கும். மரண அறிவித்தலில் 'திடீர் சுகவீனம் காரணமாக' என்று எழுதப்படும். எட்டுச் செலவோடு அவரைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடும். சுவரில் தொங்கும் படத்துக்கு மாலை இருக்கும். ஆனால் யாரும் அவரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், வீட்டாரும் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா என்பவர் 1989 ஆம் ஆண்டில் இத்தகைய துயரைப் பற்றி எழுதினார். ஓர் இழப்பைச் சமூகம் வெளிப்படையாக ஏற்று மதிக்காதபோது, அழுவதற்கான உரிமையே அக்குடும்பத்துக்கு மறுக்கப்படுகின்றது என்பது அவருடைய கருத்து. உரிமை மறுக்கப்பட்டாலும் துக்கம் போய்விடுவதில்லை. அது சமையலறையின் புகைக்குள்ளும் நள்ளிரவின் தலையணையிலும் ஒளிந்துகொள்கின்றது.

இத்துக்கத்துக்கு இன்னொரு தன்மையும் உண்டு. இது மரணத்தன்று தொடங்குவதில்லை. நகை அடகு கடைக்குப் போன அன்று, வலையும் என்ஜினும் விற்கப்பட்ட அன்று, பொலிஸ் நிலைய வாசலில் காத்திருந்த அன்று, 'இனித் தொடமாட்டேன்' என்ற சத்தியம் மூன்றாம் நாளே உடைந்த அன்று, ஒவ்வொரு நாளும் அக்குடும்பம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்திருக்கின்றது. ஆண்டுக்கணக்கில் அழுது களைத்தவர்களிடமே கடைசியில் மரணம் வந்து இன்னொரு முறை அழச் சொல்கின்றது.

யோவாபின் குரல்

விவிலியத்தில் இத்தகைய ஒரு தந்தை இருக்கின்றார். தாவீது அரசரின் மகன் அப்சலோம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். தந்தையை அரியணையிலிருந்து துரத்தினான். எருசலேமை விட்டு வெறுங்காலோடு அழுதுகொண்டு ஓடும்படி செய்தான். ஆயினும் போருக்குப் புறப்பட்ட தளபதிகளிடம், அந்த இளைஞனைத் தன் பொருட்டு இரக்கத்தோடு நடத்துமாறு தாவீது கேட்டுக்கொண்டார். செய்தி கொண்டு ஓடி வந்தவர்களிடம் வெற்றியா தோல்வியா என்று அவர் கேட்கவில்லை. மகன் நலமா என்றே கேட்டார். அவன் இறந்தான் என்று அறிந்ததும் வாயிலின் மேல்மாடிக்கு ஏறிச் சென்று, மீண்டும் மீண்டும் அவனுடைய பெயரைச் சொல்லி, அவனுக்குப் பதிலாகத் தான் இறந்திருக்கக் கூடாதா என்று கதறினார் (2 சாமுவேல் 18).

அப்போது தளபதி யோவாபு வந்து அரசரைக் கடிந்துகொண்டான். உம்மை வெறுத்தவனுக்காகவா அழுகின்றீர், உமக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களை வெட்கப்படுத்துகின்றீரே என்றான் (2 சாமுவேல் 19). நாட்டை ஆளும் கணக்கில் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அது ஒரு தகப்பனின் காதுக்கு உரிய பேச்சல்ல.

யோவாபின் குரல் எமது ஊர்களிலும் கேட்கின்றது. "போனது ஒரு வகையில் நல்லதுக்குத்தான்", "இனியாவது நிம்மதியாய் இருங்கோ", "அவன் உங்களுக்குச் செய்ததுக்கு இவ்வளவு அழுகிறீங்களே" என்கின்றோம். ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டே சொல்கின்றோம். அந்தத் தாயின் மகனது அடக்கத்தில், பீடத்தில் நின்றுகொண்டு நானும் யோவாபாகவே பேசியிருக்கின்றேன். இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதை வேறொரு நாளில் சொல்லியிருக்கலாம். அன்றைய நாள் அவனுக்கும் அவனைப் பெற்றவளுக்கும் உரிய நாள்.

பாவியா? நோயாளியா?

"சுவாமி, அவன் மோட்சம் போவானா?" இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்கத் துணிபவர்கள் குறைவு. ஆனால் இத்தகைய வீடுகளில் இக்கேள்வி இல்லாத இரவு இல்லை.

போதைப்பொருள் பாவனை பாரதூரமான தீங்கு என்பதே திருச்சபையின் போதனை. அதனை இரகசியமாக உற்பத்தி செய்வதையும் விற்பதையும் அது இன்னும் கடுமையாகக் கண்டிக்கின்றது (கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி, 2291). இதனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே மறைக்கல்வி நூலின் 1735 ஆம் எண், அறியாமை, வற்புறுத்தல், அச்சம், பழக்கம், கட்டுமீறிய பற்று, உளவியல் காரணிகள் முதலியவற்றால் ஒருவருடைய செயலுக்கான பொறுப்பு குறையக்கூடும், சில வேளைகளில் இல்லாமலே போகவும்கூடும் என்று கற்பிக்கின்றது. போதைக்கு அடிமையாகி இறந்தவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு எங்கும் கூறவில்லை.

மருத்துவமும் இதற்கு இசைவாகவே பேசுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாதல் ஒரு நோய்நிலையாகவே இடம்பெறுகின்றது. தொடர்ந்த பாவனையால் மூளையில் இன்பத்தையும் தீர்மானத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் பகுதிகளே மாற்றமடைகின்றன. முதல் முறை எடுக்கும்போது இருந்த சுதந்திரம் ஐந்நூறாவது முறை இருப்பதில்லை. வெளியில் நின்று பார்க்கும் எமக்கு அவன் விரும்பிச் செய்வதாகத் தோன்றும். உள்ளே அவன் வெறுத்துக்கொண்டே செய்திருப்பான்.

இவ்விடத்தில் ஒரு புனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். சீன தேசத்தில் மாற்கு ஜி டியான்சியாங் என்ற கத்தோலிக்க வைத்தியர் வாழ்ந்தார். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். தமக்கு ஏற்பட்ட வயிற்று நோய்க்கு மருந்தாக எடுத்த அபினுக்கே அவர் அடிமையானார். திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார். திரும்பத் திரும்ப விழுந்தார். இவருக்கு உண்மையான மனத்துயர் இல்லை என்று கருதிய குருவானவர் பாவமன்னிப்பை மறுத்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை இன்றியே அவர் வாழ்ந்தார். ஆயினும் ஆலயத்துக்குப் போவதை விடவில்லை. கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுந்த பொக்ஸர் கிளர்ச்சியின்போது, 1900 யூலை 7 ஆம் திகதி, குடும்பத்தவரோடு சேர்த்து அவரும் கொல்லப்பட்டார். தம் வீட்டார் ஒருவரும் தனியாகச் சாகக்கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார். 2000 ஒக்டோபர் 1 ஆம் திகதி, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சீன மறைசாட்சிகள் 120 பேரை மறைசாட்சிப் புனிதர்களாக உயர்த்தியபோது இவரும் அவர்களுள் ஒருவராக இருந்தார்.

அபின் பழக்கத்தை அவர் வென்றார் என்று வரலாறு சொல்லவில்லை. வெல்ல முடியாத ஒன்றோடு போராடிக்கொண்டே, கடவுளைப் பிடித்த கையை விடாமல் இருந்தார் என்றே சொல்கின்றது. மனிதர் கண்களுக்குப் பொய்யாகத் தோன்றிய அவருடைய மனத்துயரைக் கடவுள் எவ்வாறு கண்டார் என்பதை 100 ஆண்டுகளின் பின்னர் திருச்சபை உலகுக்கு அறிவித்தது. உங்கள் மகனும் உங்கள் கணவரும் புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய கடைசி மூச்சின்போது அவர்களுக்கும் கடவுளுக்கும் இடையில் நடந்தது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே நம்பிக்கையை இழக்க எமக்கு உரிமை இல்லை என்றே சொல்கின்றேன்.

"நான் மட்டும்..."

அடுத்த வாரம் நான் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் இருந்து நெடுநேரம் கதைத்தோம். அப்போதுதான் ஏழு மாதங்களாக அவரை அரித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். மகன் மூன்று மாதங்கள் புனர்வாழ்வு நிலையம் ஒன்றில் இருந்து, உடல் தேறி வந்திருந்தான். ஒன்பதாம் நாள் மாலை, அடுத்த நாள் ஒரு வேலைக்குப் போக வேண்டும், தலைமயிர் வெட்ட வேண்டும் என்று சொல்லி 500 ரூபா கேட்டான். அவர் கொடுத்தார். விடியும்போது அவன் இல்லை. "நான்தான் சுவாமி காசைக் குடுத்துக் கொண்டனான்" என்றார்.

அன்பானவர்களே, ஓர் உண்மையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஹெரோயினுக்கு அடிமைப்பட்டவர் சில வாரங்கள் அதனைத் தொடாமல் இருந்தால், முன்னர் தாங்கிய அளவைத் தாங்கும் வலுவை உடல் இழந்துவிடும். பின்னர் ஒரேயொரு முறை தடுக்கி விழுந்து பழைய அளவையே எடுத்தால்கூட மூச்சு மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடலாம். சிகிச்சை முடிந்து வந்த நாட்களும் சிறையிலிருந்து வெளிவந்த நாட்களும் இதனாலேயே மிகவும் ஆபத்தானவை. அவன் மூன்று மாதங்கள் பொய்யாக நடிக்கவில்லை. மூன்று மாதங்கள் உண்மையாகவே விட்டிருந்தான். அதனால்தான் அவனுடைய உடல் அதனைத் தாங்கவில்லை.

இதனை அவருக்கு விளக்கினேன். பின்னர், "அம்மா, அந்தக் காசைத் தூளுக்காகவா கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "இல்லை சுவாமி, அவன் வேலைக்குப் போகவெண்டுதான்" என்றார். "அப்படியானால் நீங்கள் கொடுத்தது அவனுடைய அடுத்த நாளுக்கு. தாய் வேறு எதற்குக் கொடுப்பாள்?" என்றேன். அவர் நெடுநேரம் அழுதார். அவ்வழுகை முன்னையதைப்போல் இருக்கவில்லை.

'நான் மட்டும் அன்று இப்படிச் செய்திருந்தால்' என்பது நற்செய்தியிலும் உள்ள ஒரு புலம்பல். இலாசர் இறந்தபோது மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து இயேசுவிடம் ஒரே முறைப்பாட்டையே வைத்தார்கள்: அவர் அங்கு இருந்திருந்தால் தம் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்றார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சில நிமிடங்களில் இலாசரை உயிரோடு எழுப்பப் போகின்றோம் என்று அறிந்திருந்தும் அவர் கண்ணீர் விட்டார் (யோவான் 11). உயிர்ப்பில் விசுவாசம் உள்ளவர் அழலாகாது என்று சொல்பவர்கள் இக்காட்சியை மீண்டும் வாசிக்கட்டும்.

சிலருக்குக் குற்றவுணர்வோடு வேறு உணர்வுகளும் வரும். இறந்தவர்மீது கோபம் வரும். இனிக் கதவு தட்டும் ஓசைக்கு நடுங்க வேண்டியதில்லை என்ற ஆறுதல் வரும். அந்த ஆறுதலுக்காக வெட்கமும் வரும். குடிகாரக் கணவனை இழந்த மனைவி, முதல் முறையாக இரவு முழுவதும் உறங்கியெழுந்து, தான் உறங்கியதற்காகவே அழுவாள். சகோதரியே, அந்த உறக்கம் பாவமல்ல. நீ அவரை நேசிக்கவில்லை என்பதற்கு அது சான்றுமல்ல. பல ஆண்டுகள் சுமந்த சுமை இறங்கியபோது உடல் இளைப்பாறியது, அவ்வளவே. குடிநோயாளரின் குடும்பங்களுக்காக 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அல்-அனோன் குழுக்களில் முதன்மையாகக் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, அந்த நோயைக் குடும்பத்தவர் உண்டாக்கவில்லை, அடக்கவும் குணமாக்கவும் அவர்களால் முடியாது என்பதாகும். அன்பு எவ்வளவு பெரிதாயினும் மருந்தாகிவிடுவதில்லை. மருந்தாகவில்லை என்பதால் அது வீணாகிவிடுவதும் இல்லை.

ஆடைக்குள் இருந்த சிலைகள்

இறந்தோருக்காக நாம் ஏன் மன்றாடுகின்றோம்? மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. போரில் மடிந்த தம் வீரர்களை அடக்கம் செய்யச் சென்ற யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும், இறந்த ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் சட்டம் விலக்கிய சிலைச் சின்னங்கள் இருக்கக் கண்டார்கள். பாவத்தை உடலிலேயே அணிந்தவாறு இறந்து கிடந்தார்கள் அவர்கள்! யூதா என்ன செய்தார்? பிணங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்குப் பாடம் புகட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. எல்லோரும் மன்றாடினார்கள். பின்னர் 2000 வெள்ளிக் காசுகள் திரட்டி, அவர்களுடைய பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக்கபேயர் 12:38-45).

சட்டைப் பையில் தூளோடு கண்டெடுக்கப்பட்ட மகனுக்காக, கையில் போத்தலோடு வீதியோரத்தில் கிடந்த தகப்பனுக்காக மன்றாட முடியாது என்று யார் சொன்னது? இறந்தோருக்கான எமது செபம், விவிலியத்தில், இத்தகையவர்களுக்காகவே ஏறெடுக்கப்பட்டது.

ஆகவே அன்பானவர்களே, அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். பெயரைக் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கதையுங்கள்; எதனால் இறந்தார் என்பதை வயதுக்கேற்ப உண்மையாகச் சொல்லுங்கள், எப்படி வாழ்ந்தார் என்பதையும் சொல்லுங்கள். அயலவர்களாய் இருப்பவர்களே, காரணத்தைக் கிண்டாதீர்கள். "அவரைப் பற்றி ஏதும் சொல்லுங்கோ, கேட்க ஆசை" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். வீட்டில் இன்னும் ஒருவர் இந்நோயோடு போராடிக்கொண்டிருந்தால், வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் போங்கள்; சிகிச்சை உண்டு, மீண்டவர்களும் பலர் உண்டு.

அந்த மகனின் ஆண்டுத் திரும்பலுக்கு மீண்டும் திருப்பலி ஒப்புக்கொடுத்தேன். இம்முறை போதையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. 12 வயதில் பார்வையற்ற தன் அம்மம்மாவைச் சைக்கிளில் ஏற்றி ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குக் கொண்டுவந்தவனைப் பற்றிப் பேசினேன். எந்த நிலையில் வீடு வந்தாலும், உறங்கும் தாயின் காலடியில் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டே படுக்கப் போனவனைப் பற்றிப் பேசினேன். அவனுடைய பெயரைப் பீடத்தில் நின்று மூன்று முறை சொன்னேன். அத்தாய் கேட்டுக்கொண்டதால் அதனை இங்கு எழுதவில்லை. அடுத்த நவம்பரில் அவர் எல்லோரோடும் சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே, மெழுகுதிரியைக் கையில் பிடித்தபடி சேமக்காலைக்கு வந்தார். மரச்சிலுவையில் மகனின் பெயர் புதிதாக எழுதப்பட்டிருந்தது.

செபிப்போமாக: இலாசரின் கல்லறையில் கண்ணீர் விட்ட ஆண்டவரே, நாங்கள் வெளியில் சொல்ல வெட்கப்பட்ட எங்கள் இறந்தோரை உமது கைகளில் ஒப்படைக்கின்றோம். அவர்கள் உடைத்த சத்தியங்களை மட்டுமன்றி, அவற்றைச் செய்தபோது அவர்கள் கொண்டிருந்த ஆசையையும் நினைத்தருளும். எங்கள் கோபத்தையும் குற்றவுணர்வையும் ஏற்று, எங்கள் கண்ணீரை மன்றாட்டாக மாற்றியருளும். நீர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் நாளில், அவர்களுடைய பெயரையும் நாங்கள் கேட்கும் வரம் தாரும். ஆமென்.